வேட்பாளரிடம் நாம் கேட்க வேண்டியது

ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி சி. தண்டாயுதபாணி 2012இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளராகத் திருகோணமலையில் வென்று கிழக்கு மாகாண சபைக்குப் போனார். 2015இல் மாகாணக் கல்வி அமைச்சருமானார். எம்மவர் ஒருவர் சபைக்குப் போனால் இழந்த காணி திரும்பிவிடும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அரச காணி அதிகாரம் மத்திய அரசுக்கே உரியதென 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் 818 ஏக்கர், முதலீட்டு வலயத்துக்கென எடுக்கப்பட்டிருந்தது. அதை 2015இல் விடுவித்தது சபையன்று, ஜனாதிபதி சிறிசேனவின் வர்த்தமானி அறிவித்தல்.

ஆகவே காணி பெற்றுத் தருவேன் என்பவரிடம், எந்த அதிகாரத்தைக் கொண்டு என்று கேட்போம். பாடசாலை, சிறு குளம், விவசாயப் போதனாசிரியர் ஆகியவை சபையின் பொறுப்பு. (இவற்றைத்தான் நாம் கேட்பதேயில்லை!) 2017இல் சபை கலைந்தபின் பல ஆண்டுகள் தேர்தல் நடக்கவில்லை. அடுத்தது வருமுன், வாக்காளர் இடாப்பில் எம் பெயர் எந்த ஊரில் உள்ளதென்று கிராம அலுவலரிடம் பார்த்துக்கொள்வோம்.