சுண்ணாம்பா, ஜிப்சமா?

அடுக்குமாடி வீட்டு நடைவழியில் பூந்தொட்டி ஒன்றில் தக்காளிச் செடி வளர்கிறது. இலைகள் பசுமையாக உள்ளன, காய்களும் திரண்டுவிட்டன. ஆனால், காய் பழுப்பதற்கு முன்பே அதன் அடிப்பகுதி கறுத்துக் குழிந்துவிடுகிறது. பூச்சி அரித்த அடையாளம் எதுவும் இல்லை. பல வார உழைப்பு வீணாகிவிட்டதே என்று செடியை வளர்த்தவர் வருந்துகிறார். காய்க்குப் போதுமான கால்சியம் சென்று சேராததே இக்குறைபாட்டிற்குக் காரணம்.

மனிதனின் எலும்புக்கு மட்டுமன்றித் தாவரங்களுக்கும் கால்சியம் தேவை. செடியின் உயிரணுச் சுவர்களை உறுதியாகப் பிணைப்பது அதுவே. வேர் உறிஞ்சும் நீரோடு சேர்ந்தே கால்சியம் செடிக்குள் பயணம் செய்கிறது. பழைய இலைகளில் தங்கிவிட்ட கால்சியம் மீண்டும் புதிய காய்களுக்குச் செல்வதில்லை. எனவே, மண்ணில் கால்சியம் இருந்தாலும், இரண்டு நாள் தொட்டியைக் காயவிட்டு மூன்றாம் நாள் நிறைய நீர் ஊற்றினால் காய்க்கு அது சீராகக் கிடைக்காது. ஆகவே, முதலில் திருத்த வேண்டியது நீர் ஊற்றும் பழக்கத்தையே.

நீர் சீராகக் கிடைத்தும் குறை நீங்கவில்லை என்றால் மண்ணைச் சோதிக்க வேண்டும். மண்ணில் கால்சியம் குறைவு என்று தெரிந்தவுடன் பலரும் சுண்ணாம்புத் தூளைத் தேடுவர். இத்தூள் ஈப்போவைச் சூழ்ந்துள்ள குன்றுகளில் காணப்படுவது போன்ற சுண்ணாம்புக்கல்லை அரைத்துச் செய்யப்படுவது. இதன் வேதியியல் பெயர் கால்சியம் கார்பனேட். இது மண்ணுக்குக் கால்சியத்தைத் தருவதோடு, மண்ணின் அமிலத்தன்மையையும் குறைத்துவிடுகிறது.

மண்ணின் அமிலத்தன்மையைப் பி.எச். அளவு காட்டுகிறது. 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெய்யும் கனமழை மண்ணிலுள்ள கால்சியத்தை அரித்துச் செல்வதால், இங்குள்ள மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. அத்தகைய மண்ணில் காய்கறி பயிரிடுவோருக்குச் சுண்ணாம்பு நல்ல துணையே. ஆனால், பி.எச். அளவு ஏற்கெனவே 6.5 ஆக இருக்கும் மண்ணில் அதை அள்ளிக் கொட்டினால் மண் காரமாகிவிடும். அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர்களால் அதை எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது. இளம் இலைகள் மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரியும். இட்லிப்பூ என்று அழைக்கப்படும் வெட்சிச் செடி, சிமெண்டுச் சுவரை ஒட்டி நடப்பட்டால் மஞ்சளாவதும் பெரும்பாலும் இதனால்தான். ஒரு குறையைத் தீர்க்கப்போய் இன்னொரு குறையை வரவழைத்த கதையாகிவிடும்.

இத்தகைய மண்ணுக்கு ஏற்றது ஜிப்சம். எலும்பு முறிந்தவர்களுக்குப் போடும் மாவுக்கட்டின் மூலப்பொருளும் இதுவே. ஜிப்சம் என்பது நீர் சேர்ந்த கால்சியம் சல்பேட். தூய ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ 23 விழுக்காடு கால்சியம் உள்ளது. மண்ணின் அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகளைச் சுண்ணாம்பிலுள்ள கார்பனேட் பற்றிக்கொள்ளும். அதனால் அமிலம் குறையும். ஜிப்சத்திலுள்ள சல்பேட் அவ்வாறு செய்வதில்லை. ஆகவே, கால்சியம் கூடும்; பி.எச். அளவோ ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

தமிழ்நாட்டு நிலக்கடலை விவசாயிகள் ஜிப்சத்தின் பயனை நன்கு அறிந்தவர்கள். நிலக்கடலையின் காய்கள் மண்ணுக்குள் வளர்வதால், தமக்குத் தேவையான கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேரடியாக உறிஞ்சுகின்றன. அது கிடைக்காவிட்டால் தோல் மட்டும் வளர்ந்து, உள்ளே பருப்பு இல்லாத பொக்குக் காய்களாகிவிடும். இதைத் தவிர்க்க, விதைத்த 40 முதல் 45 நாள்களுக்குள் எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கின்றனர். காய் பிடிக்கும் வேளையில், காய் வளரும் இடத்திலேயே கால்சியம் சேர்வதால் பருப்பு திரள்கிறது.

சுண்ணாம்புக்கல் தூளையும் ஜிப்சத்தையும் வேறுபடுத்திக் காண ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டின் மீதும் சில துளி வினிகர் விட்டால், சுண்ணாம்புக்கல் தூள் நுரைக்கும். தூய ஜிப்சம் நுரைக்காது. முட்டை ஓட்டுப் பொடியும் நுரைக்கும். ஏனெனில், அதுவும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே.

ஜிப்சத்தையும் அளவோடுதான் இட வேண்டும். கால்சியம் மிகுந்தால், அது மண்ணிலுள்ள மக்னீசியத்தை இடம்பெயர்க்கும். மழைநீர் அதனை அடித்துச் சென்றுவிடும். மேலும், அமிலம் மிகுந்த மண்ணை ஜிப்சம் சரிசெய்யாது. அதற்குச் சுண்ணாம்பே வேண்டும்.

நோயை அறிந்து மருந்து கொடுப்பவரே நல்ல மருத்துவர். தோட்டக்காரருக்கும் இது பொருந்தும். மண்ணில் குறைவது கால்சியமா, மிகுந்திருப்பது அமிலமா, அல்லது தவறியது நீர் ஊற்றும் முறையா என்பதை அறிந்த பிறகே கை உரப்பையை நாட வேண்டும். அப்போதுதான் அடுத்து வரும் தக்காளிகளாவது கறுக்காமல் சிவக்கும்.