கணக்கினால் கண்ட நுண்துகள்

கல்வராயன் மலைமீது ஓராண்டிற் பெய்யும் மழையின் அளவு யாது? துளிகளை எண்ணிக் கூறவல்லார் எவருமிலர். ஆயினும், மலைப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பகுத்து, கட்டந்தோறும் மழைமானி வைத்து அளந்து கூட்டினால் அதனை மதிப்பிடலாம். கட்டம் சிறுகச் சிறுக, விடை உண்மையை நெருங்கும், உழைப்போ பெருகும்.

அணுவின் உள்ளியல்பை ஆராய்வோரும் இத்தகைய முறையையே மேற்கொண்டனர். அணுக்கருவில் உள்ள புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்கு என்னும் நுண்துகள்களால் ஆயவை. குளுவான்கள் அவற்றைப் பசைபோற் பிணிக்கின்றன. குவார்க்குகளின் நிறைகளைக் கூட்டினால், புரோட்டானின் நிறையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கே தேறும். எஞ்சியது அவற்றின் இயக்கத்திலும் பிணிப்பிலும் அடங்கிய ஆற்றலேயாம். அதனை ஏட்டுக் கணக்கால் காண்டல் அரிது.

1974-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கென்னத் வில்சன் ஒரு வழி வகுத்தார். இடத்தையும் காலத்தையும் மீன்வலைபோற் பகுத்து, முடிச்சுகளில் குவார்க்குகளையும், அவற்றை இணைக்கும் இழைகளில் குளுவான்களையும் அமைத்தார். இவ்வலை கொள்ளக்கூடிய நிலைகளோ எண்ணிறந்தன. ஆதலின், நிகழும் வாய்ப்பு மிக்கவை மிகுதியாக வருமாறு சிலவற்றைக் குலுக்கலிற்போலத் தேர்ந்து, கணிப்பொறி சராசரி காண்கிறது. பானைச் சோற்றைப் பதம் பார்ப்பது போன்றதே இது; எனினும், இங்கு ஒரு சோறு போதாது. எத்துணைச் சோறு பார்த்தோம் என்பதற்கேற்பப் பிழையின் எல்லையையும் விடையோடு உரைத்தல் வேண்டும்.

இம்முறையால் 2008-இல் ஐரோப்பிய அறிஞர் குழு ஒன்று புரோட்டான் முதலியவற்றின் நிறையைக் கணித்தது. ஆய்வுக்கூட அளவோடு அது பொருந்திற்று. 2015-இல் நியூட்ரான் புரோட்டானினும் சற்றே மிக்க நிறையுடையது என்பதும் கணக்கால் பெறப்பட்டது. அம்மிகுதி ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கிற்கும் குறைவு. சிறிதென்று இகழற்க! புரோட்டானே மிக்க நிறையுடையதாயின் ஹைட்ரஜன் நிலைத்திராது. ஹைட்ரஜனின்றி நீரில்லை, நீரின்றிக் கோமுகி ஆறும் அதன் கரைக் கழனிகளும் ஏது?

இத்துறையில் நம் நாட்டார் பங்கும் உண்டு. 2017-இல் ஜெனீவா ஆய்வுக்கூடத்தில் ஒமேகா-சி என்னும் துகளின் ஐந்து புதிய நிலைகள் தோன்றின. அவற்றின் தற்சுழற்சி முதலிய பண்புகள் இவையெனப் பத்மநாத், நீல்மணி மாத்தூர் ஆகிய இருவரும் அவ்வாண்டே வலைக்கணக்கால் முன்மொழிந்தனர். மாத்தூர் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தவர். பத்மநாத் பின்னர்ச் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியேற்றார்.

மாணவர்களே, கண்ணும் கருவியும் எட்டாவிடத்தும் கணக்கு எட்டும். ஆயினும், அளந்து கண்ட உண்மையோடு ஒத்த பின்னரே அது அறிவெனப்படும்.