மாடியா, உள்ளறையா, சாப்பாட்டோடா?

ஜூன் பிறந்தால் கோவை பீளமேட்டில் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டைத் தட்டாத நாளில்லை. "ரூம் இருக்குங்களா அக்கா?" இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், எப்படி விடப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வெளிப்படிக்கட்டோடு மாடிப் போர்ஷன் இருந்தால் தயங்காமல் அதையே விடுங்கள். நாலு பையன்கள் சேர்ந்து எடுப்பார்கள். ஒருவன் படிப்பு முடிந்து போனால் மற்றவர்களே அடுத்த ஆளைக் கூட்டிவருவார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வந்தாலும் நம் தூக்கம் கெடாது. சங்கடமெல்லாம் தண்ணீரில்தான். எங்கள் மாடிக்கு வந்த முதல் பையன்கள் நல்ல தண்ணீர்க் குழாயில் ஜீன்ஸ் துவைத்தார்கள். இரண்டே நாளில் தொட்டி காலி. அவர்கள் மேல் தப்பில்லை, உப்புத் தண்ணீர்க் குழாய் எது என்று நான் காட்டவில்லை. கரண்டுக்கும் தனி மீட்டர் வேண்டும். ஒரே மீட்டரில் ஓடி இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்கு முந்தைய யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும்.

மாடி இல்லாமல், தனியாக இருக்கும் பெரியவர்கள் என்றால் வீட்டுக்குள் ஓர் அறையை ஒரே ஒரு பெண்ணுக்கு விடலாம். வாடகை குறைவுதான், ஆனால் மாத்திரை வாங்கிவர ஒரு ஆள் இருக்கும். அறையோடு சேர்ந்த குளியலறை இல்லையென்றால் வேண்டாம். மகளைக் கொண்டுவந்து விடும் அம்மா முதலில் இழுத்துப் பார்ப்பது பாத்ரூம் தாழ்ப்பாளைத்தான்.

சாப்பாட்டோடு விடுவதில்தான் கையில் அதிகம் நிற்கும் என்பார்கள். காலை ஏழரைக்குள் டிபனும் டப்பாவும் தயாராக வேண்டும், காய்ச்சல் வந்தாலும். ஊருக்குப் போன நாளைக் கழிக்கச் சொல்வார்கள், கேட்பது நியாயம்தான். மாணவிகளைச் சேர்த்து விடுதியாக நடத்தினால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். வேலைக்கு ஆள் வைக்க முடியாதவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

எப்படி விட்டாலும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கட்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைக் கேட்கிறது. வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸும் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மே மாதம் பெட்டியை இங்கே வைத்துவிட்டு ஊருக்குப் போவார்களே, அந்த மாதத்துக்கு முழு வாடகையா பாதியா என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.