சர்க்கரையும் இரத்தக் குழாயும்

நாற்பது ஆண்டுகளாக வெல்ல மண்டி நடத்துகிறேன். வெல்லம் இளகினால் தராசுத் தட்டு, சாக்கு, கை எல்லாம் பிசுபிசுக்கும். எனக்குச் சர்க்கரை நோய் கண்டபோது, "இரத்தக் குழாயிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது" என்றார் டாக்டர்.

இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, குழாய்ச் சுவரிலுள்ள புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. மெல்லிய உட்சுவர் பழுதாகிறது. விரிந்து கொடுக்கும் தன்மை குறைகிறது. பெரிய குழாய்களில் கொழுப்புப் படிந்து அடைத்தால் மாரடைப்பு, பக்கவாதம். நுண்ணிய குழாய்கள் கெட்டால் கண், சிறுநீரகம், நரம்பு பாதிக்கப்படும்.

இவ்வளவும் வலியின்றி நடப்பதுதான் ஆபத்து. கடைக்குள் நாம் செருப்பு அணிவதில்லை. ஒருநாள் பெட்டி ஆணி என் பாதத்தில் குத்தியது எனக்குத் தெரியவே இல்லை. வீட்டுத் தரையில் இரத்தக் கறையைப் பார்த்து மனைவிதான் சொன்னாள். புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. நரம்பு மரத்தால் குத்தியது தெரியாது. இரத்த ஓட்டம் குறைந்தால் புண் ஆறாது.

வெறும் வயிற்றில் செய்யும் சோதனை அன்றைய கல்லாவைப் போன்றது. ஹெச்பிஏ1சி சோதனை, கடந்த 2, 3 மாத நிலையைப் பேரேடு போலக் காட்டும். பெரும்பாலோருக்கு அது 7 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. பிரிட்டனில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில், சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன.

வணிக நண்பர்களே, ஆண்டுதோறும் சரக்கு இருப்பு எடுக்கிறோம். அதுபோல் கண், சிறுநீர், பாதம் மூன்றையும் பரிசோதித்துக் கொள்ளுங்கள். கடையடைத்ததும் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் கடைக்குள்ளும் செருப்பு அணியுங்கள். லட்சுமி கோபிக்க மாட்டாள்.