மாதிரி இருப்புப்பாதை அமைப்போம்

நுழையும்முன்

கோலார் தங்கவயலில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து சுரங்க வேலைக்காக இங்கு வந்தவர்கள். தங்கவயலை வெளியுலகோடு இணைத்தது ஓர் இருப்புப்பாதை. அதனைப் போன்ற சிறு பாதையொன்றை மேசைமேல் அமைக்கக் கற்போம்.

நம் ஊர்ப் பாதை

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் இருப்புப்பாதை 1894ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுடைய இப்பாதை, கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்து மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது, தொடர்வண்டி நிற்கவில்லை. வேலைக்காக நாள்தோறும் பெங்களூரு சென்று திரும்பும் தங்கவயல் மக்கள் பலருக்கு இன்றும் இதுவே வழி.

அளவு அறிதல்

இரு தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள அகலமே பாதையின் முதன்மையான அளவு. மாரிகுப்பம் பாதை 1676 மில்லிமீட்டர் அகலமுடைய அகலப்பாதை. பங்காருப்பேட்டையிலிருந்து கோலாருக்குச் சென்ற பழைய பாதையோ 762 மில்லிமீட்டர் அகலமே உடையது. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓடாது. ஆகவே, ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்குச் செல்லும் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. பின்னாளில் கோலார்ப் பாதையும் அகலப்பாதையாக மாற்றப்பட்டது.

மாதிரிப் பாதைக்கும் இவ்விதி பொருந்தும். வண்டியும் தண்டவாளமும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். உலகெங்கும் பரவலாக வழங்கும் 'எச்.ஓ.' வகையில் எப்பொருளும் 87இல் ஒரு பங்காகச் சிறுக்கும். அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இக்கணக்கில் மாரிகுப்பம் பாதை முழுவதையும் அமைக்க ஏறத்தாழ 184 மீட்டர் நீளம் தேவைப்படும்! ஆகவே, ஒன்றிரண்டு நிலையங்களை மட்டும் தேர்ந்துகொள்வதே அறிவுடைமை.

அமைக்கும் முறை

1. முதலில் பாதையைத் தாளில் வரைக. வளைவு குறுகினால் வண்டி தடம் புரளும். 45 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்திற்கு ஒரு மீட்டர் அகலமேனும் உடைய பலகை வேண்டும்.

2. பலகையை மேடுபள்ளமின்றிச் சமமாக வைக்க.

3. தண்டவாளத் துண்டுகளை இணைப்புத் தகடுகளால் பொருத்துக. இணைப்பின் மேல் விரலை மெல்ல ஓட்டிப் பார்க்க. விரல் தடுக்கினால் சக்கரமும் தடுக்கும். கழற்றி மீண்டும் பொருத்துக.

4. வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இரு கம்பிகளைத் தண்டவாளத்திற்கு ஒன்றாக இணைக்க. 12 வோல்ட் நேர்திசை மின்னோட்டம் சக்கரங்களின் வழியே இயந்திரத்தை அடையும். கம்பிகளை இடம் மாற்றினால் வண்டி எதிர்த்திசையில் ஓடும். வீட்டு மின்சாரத்தைத் தண்டவாளத்தில் நேரடியாக ஒருபோதும் இணைத்தல் கூடாது. இப்பணியைப் பெரியவர் முன்னிலையில் செய்க.

5. வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்க்க. அது நிற்குமிடத்தில் தூசு படிந்திருக்கலாம், இணைப்புத் தளர்ந்திருக்கலாம். தூய உலர்ந்த துணியால் துடைத்து, இணைப்பை இறுக்குக. தடையின்றி ஓடிய பின்னரே பாதையைப் பலகையில் ஆணியால் நிலைப்படுத்துக. நிலையமும் மரமும் அதன் பின்னர் அமையட்டும்.

பெரிய பாதையிலும் இப்பணி ஓய்வதில்லை. இருப்புப்பாதைப் பணியாளர்கள் வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தின் வழியே நடந்து சென்று, தளர்ந்த இணைப்புகளைக் கண்டறிந்து சரிசெய்கின்றனர். பயணிகள் அவர்களை அறியாமலேயே ஊர் சேர்கின்றனர்.

சொற்பொருள்

இருப்புப்பாதை – இரும்பாலான பாதை
தடம் புரளுதல் – பாதையை விட்டு விலகுதல்
ஆரம் – வட்டத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள தொலைவு

பயிற்சி

1. பங்காருப்பேட்டையில் சரக்குகளை இறக்கி ஏற்ற நேர்ந்தது ஏன்?
2. 1676ஐ 87ஆல் வகுக்க. அகலப்பாதையின் சரியான மாதிரி அளவும் 16.5 மில்லிமீட்டரும் எவ்வளவு வேறுபடுகின்றன?
3. இருப்பு + பாதை = ________
4. உங்கள் முன்னோர் எவ்வூரிலிருந்து, எவ்வழியே இங்கு வந்தனர்? வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.