மடிக்கணினியின் மின்கலம் நீடித்தல்

மின்கலம் நீடித்தல் என்புழி ‘நீடித்தல்’ என்னுஞ் சொல் இருபொருள் படும். ஒருமுறை ஏற்றிய மின்னாற்றல் எத்துணைப் பொழுது நிற்கும் என்பது ஒன்று. கலமே எத்துணை ஆண்டு உழைக்கும் என்பது மற்றொன்று. பின்னதனையே யாம் ஈண்டு விரித்துக் கூறப் புகுந்தாம். என்னை? 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய திட்டத்தின்வழி மடிக்கணினி பெற்ற ஏழை மாணாக்கர் பலர். அவர்க்குக் கருவி விலையின்றிக் கிடைத்தது. மாற்றுக் கலமோ விலை கொடுத்தே வாங்கற்பாலது.

இக்காலத்துக் கலங்கள் லித்தியம் அயனிக் கலங்களாம். 1991-இல் சோனி நிறுவனத்தார் இவற்றை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தனர். இவற்றிற்கு அடிகோலிய குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ என்னும் மூவர்க்கும் 2019-இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மின்னேற்றுங்கால் லித்தியம் அயனிகள் நேர்முனையினின்று நீங்கி, கிராஃபைட்டாலாகிய எதிர்முனையுட் சென்று தங்கும், பயன்படுத்துங்கால் மீளும். அவ்வெதிர்முனையின்மேல் மெல்லிய படலமொன்று படிந்து, நாளடைவில் தடித்து, லித்தியத்தைச் சிறிது சிறிதாக உண்ணும். உண்ட அளவிற்குக் கலத்தின் கொள்ளளவு குறையும். இப்படலத்தை விரைந்து வளர்ப்பன வெம்மையும் நிறைமின்னேற்றமும் ஆம். இரண்டும் ஒருங்கு கூடின் கேடு மிகும்.

கூடும் இடமோ நம்மூரே. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களின் மொட்டைமாடி அறைகளில் மே மாத வெம்மை எத்தன்மைத்தென்பது அங்குத் தங்கிப் படிப்பார்க்குச் சொல்லவேண்டா. வெளியிலேயே சில நாள் 40 பாகை செல்சியசைக் கடக்கும். அவ்வறையில் கருவியை மெத்தைமேல் வைத்துக் காற்றுப்புழையை அடைத்து, இரவும் பகலும் மின்னிணைப்பிலேயே 100 விழுக்காட்டில் நிறுத்துதல் கலத்தை அவித்தலோடு ஒக்கும். மடிக்கணினி என்பது பெயரேயாயினும், மேசையே அதற்குத் தக்க இடம். 80 விழுக்காட்டளவில் மின்னேற்றத்தை நிறுத்தும் அமைப்பு இன்று பல கருவிகளில் உண்டு. அதனை இயக்கி வைத்தல் நன்று. முற்றும் வடியவிட்டே ஏற்றுதல் வேண்டும் என்பார் கூற்றுப் பழைய நிக்கல் காட்மியக் கலத்திற்கு உரியது, இதற்குப் பொருந்தாது. விடுமுறையிற் கருவியை விட்டு ஊர் செல்வார், பாதியளவு மின்னேற்றி, நிழலில் வைத்துச் செல்க.

இவ்விதிக்கு ஒரு புறனடை உண்டு. 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயல்மழையால் அடையாறு பெருகி, முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்கள் நீரில் மூழ்கின, மின்சாரமும் அற்றது. வடகிழக்குப் பருவமழையும் பருவத்தேர்வும் ஏறத்தாழ ஒரே காலத்தன. ஆகலின் புயலறிவிப்புக் கேட்டவுடன் கலத்தை முழுதும் நிரப்புக. ஓரிரு நாள் நிறைந்திருத்தலாற் பெருங்கேடு விளையாது. பாடங்களை முன்னரே இறக்கி வைத்துக்கொள்க. மின்சாரம் அற்றபின், முதற்கண் கூறிய மற்றைப் பொருளே வேண்டப்படும்: திரையொளியைத் தாழ்த்துக, வைஃபையை நிறுத்துக, வேண்டாத செயலிகளை மூடுக, இடைவேளையிற் கருவியை முற்றும் அணைத்து வைக்க. வெள்ளநீர் புகுந்த கருவியை மட்டும், உலர்ந்ததுபோல் தோன்றினும், மின்னேற்றிப் பார்த்தலாகாது, பழுதுபார்ப்பவரிடங் கொண்டுசெல்க.