மேடை இல்லாத பேச்சு மன்றம்

அக்கா மகளுக்கு வேங்கிக்காலிலிருந்து மாமா எழுதுவது.

பேசப் பயப்படுகிற பத்துப் பன்னிரண்டு பேர் குறித்த நாளில், குறித்த நேரத்தில் கூடி, முறை வைத்துப் பேசி, ஒருவர் பேச்சை மற்றவர் திருத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்குப் பேச்சு மன்றம் என்று பெயர். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இதன் தேவை இப்போது கூடியிருக்கிறது. கல்லூரி வரை தேர்வுத்தாளில் எழுதியே தேறி வந்தவர்கள், வேலையில் சேர்ந்ததும் மீட்டிங்கில் வாயைத் திறந்து சொன்னால்தான் தேற முடியும் என்ற நிலைக்கு வருகிறார்கள். வேலை முழுக்கத் தெரிந்தும் அதை நாலு பேர் முன் சொல்ல வராததால் அப்ரைசலில் பின்தங்குவது பல அலுவலகங்களில் நடக்கிறது. போன மார்ச் அப்ரைசலில் நடந்ததை அக்கா போனில் சொல்லியாயிற்று. அதை இங்கே மறுபடி எழுத வேண்டியதில்லை. அது திறமைக் குறைவால் வந்ததல்ல என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

மேடைப் பயம் உடம்பில் நடக்கும் காரியம். பல பேர் பார்வை ஒருவர் மேல் விழும்போது உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு அட்ரினலினைச் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, நாக்கு உலர்கிறது, கை நடுங்குகிறது, நேற்று இரவு மனப்பாடமாக இருந்த வாக்கியம் காணாமல் போகிறது. புத்தகம் படித்தோ வீடியோ பார்த்தோ இதைப் போக்க முடியாது. அதே நிலைமைக்குச் சிறிய அளவில் திரும்பத் திரும்ப ஆளானால் தானாகத் தணியும். தெரிந்த முகங்கள் முன் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம், பிறகு ஏழு என்று ஏறிப்போக வேண்டும். ஆகவே மன்றத்துக்கு வேண்டியவை மூன்று: விடாமல் வரும் நாள், சிறிய கூட்டம், உண்மையைச் சொல்லும் காது. பயந்தவருக்கு ஹாலும் மைக்கும் விளக்கும் ஆறு மாதம் கழித்து வந்தால் போதும்.

இந்த ஏற்பாட்டின் உலகறிந்த வடிவம் டோஸ்ட்மாஸ்டர்ஸ். ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தவர். அங்கே வரும் இளைஞர்களுக்கு நாலு பேர் முன் பேசவும் ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்தவும் தெரியவில்லை என்று கண்டு, 1905-ல் இல்லினாய் மாநிலத்துப் புளூமிங்டனில் ஒரு பயிற்சிக் குழுவைத் தொடங்கினார். வேலை மாற்றலில் அவர் ஊர் ஊராகப் போனார்; போன இடத்தில் குழு தொடங்கும், அவர் கிளம்பியதும் கலையும். 1924 அக்டோபர் 22 அன்று கலிபோர்னியாவின் சான்டா ஆனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தள அறையில் கூடிய குழுதான் நிலைத்தது. 1932-ல் அது டோஸ்ட்மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல் என்ற பெயரில் பதிவாயிற்று. பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1973 வரை ஆயிற்று. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இதன் கிளைகள் உண்டு, சென்னையில் ஐ.டி. கம்பெனிகளுக்குள்ளேயே பல நடக்கின்றன. ஒரே ஆளை நம்பி நிற்கும் மன்றம் அந்த ஆளோடு போய்விடும் என்பதுதான் ஸ்மெட்லியின் முதல் இருபது வருடம் சொல்வது.

தமிழில் கூட்டத்தின் முன் பேசும் பழக்கத்துக்கு இன்னும் நீண்ட வரலாறு இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதற்கு முன் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் விவிலிய மொழிபெயர்ப்பில் உதவியவர் அவர். கிறித்தவப் பிரசங்கம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர். அதைச் சைவத்துக்கு எடுத்துக்கொண்டு வெள்ளிதோறும் நடத்தினார். 1908-ல் தூத்துக்குடியில் சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் கோரல் மில் தொழிலாளர்களிடம் தமிழில் பேசினார்கள். அந்த நாட்களில் பேசிய பேச்சுகளுக்காக அரசு அவர்கள் மேல் ராஜதுரோக வழக்குப் போட்டது. பின்னால் திரு.வி.க.வும் அண்ணாவும் மேடைத் தமிழுக்கு ஒரு நடையையே உண்டாக்கினார்கள்.

மேடை பெருகப் பெருக அதன் சடங்குகளும் பெருகின. தமிழ்நாட்டில் ஒரு கூட்டம் ஐந்து மணி என்றால் ஆறரைக்குத் தொடங்கும். வரவேற்புரைக்கு ஒருவர், முன்னிலைக்கு மூவர், வாழ்த்துரைக்கு ஆறு பேர். ஒவ்வொருவரும் மேடையில் உட்கார்ந்திருப்பவர்களை வரிசையாக ‘அவர்களே’ போட்டு அழைத்து முடிக்கும்போது அவருடைய நேரம் முடிந்திருக்கும். நடுநடுவே பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. காரைக்குடியில் சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகம் குறித்த மணிக்குத் தொடங்கிக் குறித்த மணிக்கு முடிப்பதற்குப் பேர்போனது. அப்படிப் பேர் வாங்கும் அளவுக்கு அது அபூர்வமாக இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

பொன்னாடையால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பதற்கு வெளியே உதாரணம் தேட வேண்டாம். தாத்தாவின் மேடை ஆசையில் கிழக்குக் கொல்லை எப்படிப் போனது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய அதே வாரத்தில் அவர் மன்ற ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டதும் தெரியும். பரண் மேல் இருக்கும் டிரங்குப் பெட்டியில் நாற்பதுக்குக் குறையாத பொன்னாடைகள் இருக்கின்றன. உடுத்தவும் ஆகாது, துடைக்கவும் உதவாது. தாத்தாவுக்குக் குரல் இருந்தது, படிப்பு இருந்தது. அவர் பேச்சு எங்கே நீள்கிறது, எந்தக் கதையை ஊருக்கு ஊர் திரும்பச் சொல்கிறார் என்று எடுத்துச் சொல்ல மட்டும் ஆள் இருக்கவில்லை. கைதட்ட நிறையப் பேர் இருந்தார்கள். திருத்த ஆள் இல்லாத பேச்சாளர் வளர்வதில்லை, பழகிப்போகிறார். இப்போது தொடங்க நினைக்கும் மன்றத்துக்கென்று அக்கா அனுப்பிய அழைப்பிதழ் மாதிரியில் ஹோட்டல் ஹாலும், சினிமாப் பாடலாசிரியர் தலைமையும், ஃபிளெக்ஸும் இருந்ததால்தான் இதை இவ்வளவு விரிக்க வேண்டியிருக்கிறது. தொடக்க விழாவோடு முடிந்துபோன மன்றங்கள் திருவண்ணாமலையில் தெருவுக்கு ஒன்று உண்டு.

நல்ல பேச்சுக்கு அளவுகோல் வேண்டுமானால் வேங்கிக்காலிலேயே கிடைக்கும். திருவண்ணாமலை மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் இங்கே இருப்பதால் திங்கள்கிழமை குறைதீர் நாளில் மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் மனுவோடு வருகிறார்கள். வரிசையில் மணிக்கணக்காக நின்ற ஒருவருக்குக் கலெக்டர் முன் கிடைப்பது இரண்டொரு நிமிடம். ஜவ்வாது மலையிலிருந்து வந்த கிழவி அதற்குள் பெயர், ஊர், நடந்தது, வேண்டியது என்று நான்கையும் சொல்லி முடிக்கிறார். மேடைப் பேச்சு பழகியவர்தான் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களே என்று தொடங்கி, வேண்டியதைச் சொல்லுமுன் அடுத்தவருக்கு இடம் விடுகிறார். அலுவலக மீட்டிங்குக்கும் அந்த நான்கு போதும்: யார் பேசுவது, எதைப் பற்றி, என்ன நடந்தது, என்ன வேண்டும்.

மன்றம் தொடங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, டோஸ்ட்மாஸ்டர்ஸில் கிளையாகச் சேர்வது. புதுக் கிளைக்கு இருபது உறுப்பினர் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைக்கு டாலர் கணக்கில் சந்தா போகும். பாடத்திட்டம் தயாராகக் கிடைக்கும், வேறு கிளைகளின் போட்டிகளில் கலந்துகொள்ளலாம், சான்றிதழும் உண்டு. பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். சிங்கப்பூரில் தமிழிலேயே நடப்பவை இருக்கின்றன. இன்னொன்று, சொந்தமாக நடத்துவது. எட்டுப் பேர் இருந்தால் போதும், சந்தா டீச்செலவுக்கு மேல் போகாது, மொழியைத் தாங்களே முடிவு செய்யலாம். இரண்டும் நல்ல வழிகளே, தேர்வு தொடங்குபவருடையது. ஆனால் இருபது பேரைச் சேர்க்க அலைபவருக்குப் பேசிப் பழக நேரம் இருக்காது. டாலரில் கட்டியவர் சான்றிதழை எதிர்பார்ப்பார். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவருக்கு, பயமும் இங்கிலீஷும் ஒரே சமயத்தில் எதிரே நின்றால் எதை எதிர்ப்பது என்று தெரியாமல் போகும். முதல் ஆறு மாதம் தமிழில் பயத்தைத் தணித்துவிட்டு, அதற்குப் பிறகு கூட்டத்துக்கு ஒரு பேச்சு ஆங்கிலத்தில் என்று வைப்பதே முறை. இவ்வளவுக்குப் பிறகும் முதல் வழியையே தேர்ந்தெடுப்பவர் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

கூட்டத்தை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடக்கலாம். டோஸ்ட்மாஸ்டர்ஸின் கால அளவை அப்படியே எடுத்துக்கொள்வதில் தவறில்லை. தயாரித்த பேச்சு மூன்று, ஒவ்வொன்றும் ஐந்திலிருந்து ஏழு நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் பச்சை அட்டை, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு; சிவப்புக் காட்டியதும் தொடங்கிய வாக்கியத்தை முடித்து உட்கார வேண்டும். பிறகு அங்கேயே தலைப்புக் கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்வது. மீட்டிங்கில் திடீரென்று கேள்வி கேட்டால் தடுமாறுகிறவருக்கு இதுதான் முக்கியமான பயிற்சி. பேசியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பீட்டாளர், மூன்று நிமிடம். இன்னொருவர் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு ‘வந்து’, ‘அதாவது’, ‘ஆக்சுவலி’, ‘ஸோ’ எத்தனை முறை வந்தன என்று எண்ணிக் கடைசியில் வாசிப்பார். இந்த வேலைகள் கூட்டத்துக்குக் கூட்டம் ஆள் மாற வேண்டும்.

மன்றத்தின் பயன் முழுவதும் மதிப்பீட்டில் இருக்கிறது. ‘அருமையாகப் பேசினார்’ என்பது மதிப்பீடு ஆகாது. அது வார்த்தையால் போர்த்தும் பொன்னாடை. எந்த இடத்தில் கேட்பவர் நிமிர்ந்தார், எந்த இடத்தில் செல்போனை எடுத்தார் என்று சொல்வதே மதிப்பீடு. நன்றாக வந்த ஒன்றையும் திருத்த வேண்டிய ஒன்றையும் மட்டும் சொல்லி, அதை எப்படித் திருத்தலாம் என்று தானே ஒரு வாக்கியம் பேசிக் காட்ட வேண்டும். குரல், நிறம், உச்சரிப்பு, ஊர் வழக்கு இவற்றைத் தொடக் கூடாது. பேசியவர் பதில் சொல்லாமல் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒழுங்கை முதல் கூட்டத்திலேயே எழுதி ஒட்டிவிட்டால் பின்னால் மனவருத்தம் வராது.

இடத்துக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையோ, ஞாயிறு அல்லாத நாளில் ஆபீஸ் பயிற்சி அறையோ போதுமானது. உட்கார்ந்தவர்கள் வட்டமாக இருந்து, பேசுபவர் மட்டும் எழுந்து நின்றால் மேடையே தேவைப்படாது. பதினைந்து நாளுக்கு ஒரு வியாழன் மாலை பொருத்தம். சனி, ஞாயிறில் வைத்தால் வெளியூர்க்காரர்கள் வர மாட்டார்கள். அவர்கள் சொந்த ஊருக்குப் போக வேண்டியிருக்கும், அங்கே எதிர்பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். கூட்டம் எட்டு மணிக்கு முடிவது நல்லது. பெண்கள் தனியாக ஆட்டோவில் திரும்ப வேண்டிய மன்றத்தில் இது விதியாகவே இருக்க வேண்டும்.

பணத்தை ஒருவர் வாங்கினால் இன்னொருவர் கணக்கு எழுத வேண்டும், மாதக் கணக்கை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் போட வேண்டும். மன்றம் வளர்ந்தால் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ளலாம்; அதற்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். தலைவர், செயலாளர் பொறுப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைமாறுவது கட்டாயம். தொடங்கியவர் ஒரு வருடத்துக்குப் பிறகு சாதாரண உறுப்பினராக உட்காரப் பழக வேண்டும். மூன்றாம் மாதம் ஆள் குறையும். பன்னிரண்டு ஆறாகும். அது தோல்விக்கு அடையாளம் அல்ல. பயம் உள்ளவர்கள் தங்கியிருக்கிறார்கள், பொழுதுபோக்க வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று பொருள். ஆறு பேரோடு நடத்திவிட்டால் பிறகு நிற்காது.

இவ்வளவு எழுதியதால் மாமாவுக்கு இதில் இஷ்டமில்லை என்று நினைக்க வேண்டாம். இந்தக் குடும்பத்தில் பேச்சு இருக்கிறது. தாத்தாவிடம் இருந்ததில் நல்லதெல்லாம் இந்தப் பெண்ணிடம் வந்திருக்கிறது என்று அக்காவிடம் முன்பே சொன்னதுண்டு. ஹோட்டல்தான் என்றால் ஹோட்டலே இருக்கட்டும், பாடலாசிரியரும் வரட்டும். ஃபிளெக்ஸ் செலவை மாமாவே ஏற்றுக்கொள்வார். அழைப்பிதழில் குடும்பத்துப் பெரியவர் என்று போட்டால்கூட ஆட்சேபம் இல்லை. தேதியை ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். சென்னைக் கடற்கரை வரை போகும் ரயிலில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் மதிப்பீடு சொல்வார்.

ஆசிகளுடன்,
மாமா